காற்றில்லாத மூலை

அந்த அம்மா விளக்கைப் பிடித்துவந்த விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இடது உள்ளங்கையில் அகல். வலது கையால் முந்தானையை விரித்துச் சுடருக்கு மறைப்பு. கண் பாதையில் இல்லை, சுடரிலேயே இருந்தது. தூங்கிப்போன குழந்தையைத் தொட்டிலுக்கு எடுத்துப்போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

அவர் நடந்துவந்தது எங்கள் பெட்ரோல் பங்க்குக்குள். அங்கே நாங்கள் டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு லாரி நீளம்தான் இருக்கும். யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

என் குரலைப் பற்றி முன்பே இந்தத் தொடரில் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

இருந்தும் இல்லாதவள்

என் பெயர் அலமேலு. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அகர வரிசையில் முதல் பெயர். வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்து நாற்காலியை இழுக்கும்போதே என் பெயரைக் கூப்பிட்டுவிடுவார். பிள்ளைகளின் இரைச்சல் அப்போது அடங்கியிருக்காது. நான் "உள்ளேன் ஐயா" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கே கேட்காது. வாத்தியார் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் என் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். "உங்க பொண்ணு ஸ்கூலுக்கே வர்றதில்லம்மா" என்றார் வாத்தியார். "நாந்தான் சார் தெனம் தலை பின்னி அனுப்பறேன்" என்றார் அம்மா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கல்யாணம். கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார், அங்கேயே வேறு வீடு பார்த்துக்கொண்டார். நான் அடி அண்ணாமலையில் அம்மாவோடு வந்து இருந்தேன். அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். இதையெல்லாம் முன்பே விரிவாக எழுதிவிட்டேன்.

வேங்கிக்காலில் இருக்கும் பங்க்கில் வேலை கிடைத்தது. சேலைக்கு மேல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும் வேலை. அதில் ஒரு வார்த்தை கட்டாயம் பேச வேண்டும். பெட்ரோல் போடும் முன் "ஜீரோ பாத்துக்கோங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும்.

நான் சொல்வேன். அவர்களுக்குக் கேட்காது.

"இன்னாமா, ஒண்ணுமே சொல்லாம அடிக்கிற? மீட்டர்ல இன்னா வேலை பண்ற?" என்று ஒருவர் பைக்கை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

அடுத்த பம்பில் நின்ற மாலதிதான் காப்பாற்றினாள். மாலதி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்கும்படி பேசுவாள். "யோவ், அவ பொறந்ததுலேருந்தே ம்யூட்லதான்யா இருக்கா. நீ ஜீரோவ பாரு, அவ வாய ஏன் பாக்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும் சிரித்துவிட்டார். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "டேங்கர் வேலை பாக்கறியாம்மா? மேல ஏறணும். அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல" என்றார்.

எனக்கு அவர் சொன்ன கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது.

லாரி மேலே

டேங்கர் என்றால் வெளியே ஒரே உருளையாகத் தெரியும். உள்ளே தனித்தனி அறைகள் உண்டு. ஒன்றில் பெட்ரோல், ஒன்றில் டீசல். ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு மூடி. பின்பக்க ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் கம்பியை நேராக உள்ளே விட வேண்டும். அடி தொட்டதும் எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பியின் நுனியில் ஒரு பசை தடவுவோம். அடியில் தண்ணீர் இருந்தால் பசையின் நிறம் மாறிவிடும்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் நாள் ஏறியபோது பங்க்கே வேடிக்கை பார்த்தது. மேலே போய் நின்ற பிறகு கூச்சம் போய்விட்டது. அங்கிருந்து யாருடைய முகமும் தெரியாது. தலைகள்தான் தெரியும். எதிரே மலை முழுசாகத் தெரியும். தரையில் நின்றால் லாட்ஜ் கட்டிடங்கள் பாதி மலையை மறைத்துவிடும்.

இறக்கும்போதுதான் பயம். லாரியிலிருந்து பெட்ரோல் குழாய் வழியாகத் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள் இறங்கும். அது இறங்க இறங்கத் தொட்டிக்குள் இருக்கும் ஆவி வெளியே போகும். அதற்காகச் சுவரோரம் உயரமாக ஒரு குழாய் நிறுத்தியிருப்பார்கள். உயரத்தில் விட்டால் ஆவி ஆகாயத்துக்குப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது காற்றைவிடக் கனம். காற்று அடித்தால் கலைந்துவிடும். காற்று இல்லாத நாளில் சுவரோரமாக இறங்கி மூலையில் படுத்துக்கொள்ளும். நல்ல வெளிச்சத்தில் தரைக்கு மேலே நெளிவது போலத் தெரியும். மற்ற நேரத்தில் கண்ணுக்கே தெரியாது. வாசனையும் எங்களுக்குப் பழகிப்போய்த் தனியாகத் தெரியாது.

அதனால்தான் இறக்கும்போது கயிறு கட்டி ஆட்களை நிறுத்துவோம். சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வைப்போம்.

சாவி என் பையில்

லாரி வந்து நின்றதும் டிரைவர் இன்ஜினை அணைத்துச் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். இறக்கி முடியும்வரை அது என் சட்டைப் பையில் இருக்கும். போனையும் அணைத்து ஆபீஸ் மேசையில் வைத்துவிட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, லாரியிலிருந்து தரைக்கு எர்த் வயரைக் கவ்வ வைத்த பிறகு காத்திருக்க வேண்டும். கிடங்கிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்த பெட்ரோல் அடங்க வேண்டும் அல்லவா? அடங்காமல் கம்பி விட்டால் அளவு சரியாகத் தெரியாது. தண்ணீர் கலந்திருந்தாலும் அடியில் போய்ச் சேர நேரம் வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. நானும் டிரைவரும் நிழலில் உட்கார்ந்திருப்போம்.

எங்களுக்கு லோடு கொண்டுவருகிறவர் முனிரத்தினம் அண்ணன். ஆற்காட்டுக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார்.

"இன்னா அலமேலு, இன்னிக்கும் விரதமா?"

"இல்லண்ணா."

"அட, பேசிட்டியே. போதும் போதும். ஜாஸ்தி பேசினா தொண்ட வலிக்கும்."

பிறகு அவரே பேசிக்கொண்டிருப்பார். அவர் மனைவி வளர்க்கும் ஆடு பக்கத்து வீட்டுப் பந்தலில் கட்டியிருந்த கல்யாண வாழைமரத்தைத் தின்றது. மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனது. சில கதைகளை இரண்டு முறை, மூன்று முறை சொல்வார். ஏற்கெனவே சொன்னீர்கள் என்று நான் சொன்னதே இல்லை.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறவரை அவர் எழுந்து போக முடியாது. கையில் போனும் இல்லை. ஒரு மனுஷர் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருப்பதுபோல எனக்கு அது இருந்தது. பெட்ரோல் அடங்கிவிட்டதா என்று அவர் கேட்டால், "இன்னும் கொஞ்சம் ஆகட்டும்ண்ணா" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலையிலிருந்து ஒருவரிடமும் பேசாமல் பொழுது போயிருக்கும். சாயங்காலம் பூக்காரம்மாவிடம் "ஒரு முழம்" என்று கேட்கும்போது குரல் கரகரவென்று உடைந்து வரும். அப்போதுதான் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அது என்று தெரியும்.

தீபத்துக்கு மறுநாள்

கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் லாரி வராது. பஸ்களையே வெளியில் நிறுத்திவிடுவார்கள். அந்த வருடம் வந்த கூட்டத்தில் எங்கள் பங்க்கில் பெட்ரோல் தீர்ந்துபோனது. மறுநாள் பௌர்ணமி. கூட்டம் குறையவே இல்லை. "ஸ்டாக் இல்லை" என்று அட்டை மாட்டியும் வண்டிகள் வரிசையில் நின்றன. லாரிகளை விட ஆரம்பித்து, முனிரத்தினம் அண்ணன் வந்துசேரும்போது பிற்பகல் சாய்ந்துவிட்டது.

"போலீஸ்காரன் செங்கம் ரோடு வழியா போன்றான், அவலூர்பேட்டை வழியா போன்றான். நேத்துலேருந்து நானும் கிரிவலம்தாம்மா வரேன், லாரியோட" என்றபடி சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்குக் கதைக்கு நேரம் இல்லை. நான் மேலே ஏறினேன். மழைக்கு முந்தைய புழுக்கம். ஓர் இலை அசையவில்லை. மலை உச்சியில் தீபம் ஏற்றும் கொப்பரை சிறு புள்ளியாகத் தெரிந்தது. மலை மேல் தீபம் ஒரு நாளோடு முடிவதில்லை. அதற்கப்புறமும் நாள் தவறாமல் சாயங்காலம் ஏற்றுவார்கள். முதல் நாள் வர முடியாதவர்களுக்கு அந்த நாட்கள்தான். உச்சியில் சுடர் தெரிந்ததும் நின்ற இடத்திலேயே கற்பூரமோ அகலோ ஏற்றிக் கும்பிடுவார்கள். நடுரோடு, டீக்கடை வாசல், பஸ் படிக்கட்டுக்குப் பக்கம், எங்கேயானாலும்.

அளவு சரியாக இருந்தது. தண்ணீர் இல்லை. நான் கீழே வந்ததும் இறக்க ஆரம்பித்தோம். மேனேஜர் ரோட்டில் வண்டி வரிசையை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். மாலதி முன்வாசல் கயிற்றண்டை நின்று கூட்டத்தை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. "அண்ணா, ஏத்தற நேரம் ஆவப்போவுது. நிறுத்திட்டு அப்புறம் ஊத்தலாமா?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "சரிம்மா" என்று வால்வை மூடினார்.

அவர் கையை எடுக்கும்போதே ரோட்டில் "அரோகரா" என்று சத்தம் எழுந்தது.

மணல் வாளி

வால்வை மூடினால் பெட்ரோல் நிற்கும். அதுவரை வெளியே வந்த ஆவி எங்கேயும் போயிருக்காது. அந்தப் புழுக்கத்தில் அது சுவர் மூலையில் இறங்கிக் கிடந்திருக்கும்.

ரோட்டுப் பக்கச் சுவரில் ஓரிடம் மழையில் சரிந்திருந்தது. அங்கேயும் கயிறு கட்டியிருந்தோம், நிறுத்தத்தான் ஆள் இல்லை. அந்த அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தார்.

ஏன் வந்தார் என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. ரோட்டில் பஸ்கள் நகர நகர அந்தக் காற்றில் அவர் விளக்கு அணைய அணையப் பார்த்தது. சுடருக்குக் காற்றுப் படாத இடம் தேடிக்கொண்டு வந்தார். பங்க்கிலேயே காற்றுப் படாத மூலை அதுதான்.

கத்த வாயைத் திறந்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஊரே அரோகரா என்று கூவிக்கொண்டிருந்தது. மாலதியின் குரலாக இருந்தாலும் கேட்டிருக்குமோ என்னவோ. என்னிடம் அந்த அளவும் இல்லை.

வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மூலையை நோக்கித் திரும்புகிற இடத்தில் குறுக்கே போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, சின்னதாகச் சிரித்தார். இடம் காட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அவர் உள்ளங்கையில் மணலைக் கொட்டினேன்.

சுடர் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. திரிப் புகைகூட வரவில்லை. எண்ணெயும் மணலும் அவர் மணிக்கட்டு வழியாக வழிந்தன. அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார். சத்தமாகக்கூட இல்லை. "ஏத்துன வெளக்க அணைச்சிட்டியேடி."

முனிரத்தினம் அண்ணன் ஓடிவந்தார். மாலதியும் வந்தாள். "யம்மா, இங்க பெட்ரோல் எறக்கறோம். நெருப்பு பட்டா மொத்தமா போயிருப்போம். நீயும் போயிருப்ப, நாங்களும் போயிருப்போம். கயிறு கட்டியிருக்கறது தெரியல?" என்று மாலதி படபடவென்று சொன்னாள்.

அந்த அம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடமே பேசினார்.

"நேத்தே வந்திருக்கணும். பஸ்ஸ பாதிலயே நிறுத்திட்டான். இன்னிக்காவது ஏத்திடணும்னு ஆரணிலேருந்து வரேன். எம் புள்ளைக்கு நாளைக்கு ஆப்பரேசன்டி. அவன் பேரச் சொல்லி ஏத்துனேன்."

நான் சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றது. அம்மா, இந்த மூலையில ஆவி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. நீங்க இன்னும் நாலடி போயிருந்தா உங்க பிள்ளைய யார் பாக்கறது? வாங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நான் மறைச்சு நிக்கறேன், மறுபடி ஏத்துங்க.

ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. காலி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கல்லு மாதிரி நிக்குறா பாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள். "வா சித்தி, போலாம்" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அவர் அகலை வீசி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. குனிந்து, மணலோடு தரையில் வைத்தார். கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

கூட்டம் குறைந்த பிறகு மீதியை இறக்கி முடித்தோம். மேனேஜர், "நல்ல வேளைம்மா, நீ பாத்த" என்றார். முனிரத்தினம் அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நீ செஞ்சது சரிம்மா."

"ம்."

"அந்தம்மாக்கு அத எப்பிடிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு அவர் கதை எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

எதிர்த்திசையில்

அகலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வேங்கிக்காலிலிருந்து என் வீட்டுக்குப் போவதென்றால் கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். பௌர்ணமியில் ஆட்டோ கிடைக்காது. சுற்றி வருகிறவர்கள் அத்தனை பேரும் எதிரே வருவார்கள். மற்ற மாதங்களில் நான் தரையைப் பார்த்தபடி ஓரமாகப் போய்விடுவேன்.

அன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் அத்தனை முகங்களை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். சிலர் தெரிந்தவள் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒரு குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டியது. பேச வேண்டியதை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த அம்மா சுற்றியிருந்தால் எதிரேதான் வர வேண்டும். வரவில்லை. சுற்றாமலே ஆரணிக்குத் திரும்பிவிட்டாரோ என்னவோ.

வாசலில்

எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கார்த்திகைக்கு வரிசையாக விளக்கு இருக்கும். அம்மா போனதிலிருந்து என் வாசலில் ஒன்றுதான். ஒருத்திக்கு எதற்கு வரிசை என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அந்த அகலைக் கழுவினேன். மணல் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு லேசில் போகவில்லை. துடைத்து, புதுத் திரி போட்டு, என் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றினேன். பேர் சொல்லி ஏற்ற வேண்டும். எனக்கு அந்தப் பையனின் பேர் தெரியாது. ஆரணிப் பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்த கார்த்திகைகளிலும் இரண்டாகத்தான் வைக்கிறேன். முனிரத்தினம் அண்ணன் ஓசூர் பக்கம் ஓட்டப் போய்விட்டார். இப்போது வருகிற டிரைவர் சாவியைக் கொடுத்ததும் நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிடுகிறார். பெட்ரோல் அடங்கும்வரை நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் சரிந்த இடத்தைக் கட்டிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கோமளா ஒரு கார்த்திகையில் என் வாசலில் நின்று, "இன்னாக்கா, ஒண்ணுதான வைப்ப? இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஆரணில ஒரு பையன். ஆப்பரேசன் பண்ணாங்க."

"உங்க சொந்தமா?"

நான் திரியைத் தூண்டிவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். "இவ்ளோ நாளா சொல்லவே இல்லயே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து குடம் எடுத்துப் போகும்போதும், துணி காயப்போடும்போதும், நினைத்துக்கொண்டால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்: "அக்கா, ஆரணிப் பையன் எப்பிடி இருக்கான்?"

நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, "நல்லா இருக்கான்" என்கிறேன்.

அது மட்டும் அவளுக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிடுகிறது.